கயிற்றுக்கு எட்டாத கால்

முதுகில் ராஜபிளவைக் கட்டி வந்தவன் குப்புறத்தான் படுக்க முடியும். இந்தச் சின்ன விஷயத்தை ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் புரியவைக்க நான் பட்ட பாடு கொஞ்சமில்லை. நோயாளிகள் எல்லோரும் மல்லாந்து, கால்விரல் கூரையைப் பார்க்கப் படுக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். கடைசியில் மேஜர் பெரிய மனது பண்ணி, 'ஜனகராஜ், நூல் வியாபாரம், முனிச்சாலை: குப்புறப் படுக்கலாம்' என்று எனக்கு விசேஷ அனுமதி தந்தார். அதை ஒரு அட்டையில் எழுதித் தலைமாட்டில் தொங்கவும் விட்டார்கள்.

ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்ல மாட்டேன். காங்கிரஸ் மந்திரிசபை வந்த வருஷம், மதுரையில், வைகைக்குத் தெற்கே என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். நாளைக்கே இன்னொரு கட்டி வந்தால் நான் அங்கேதானே போய் விழ வேண்டும்!

மேஜர் என்பவர் அதன் சூப்பரின்டெண்டு. வெள்ளைக்காரர் இல்லை, நம் ஜனங்களில் ஒருவர்தான். ஆனால் மெசபடோமியாவில் பட்டாளத்து ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்ததால் அவரை மேஜர் என்று கூப்பிட வேண்டும். அங்கிருந்து அவர் கொண்டுவந்த ஞானம், ஒரு தேங்காய்நார்க் கயிறு. வார்டின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர்வரை, எல்லாக் கட்டில்களின் கால்மாட்டையும் ஒட்டி, அந்தக் கயிற்றை இழுத்துக் கட்டியிருந்தார். படுத்திருப்பவன் யாராக இருந்தாலும் அவனுடைய இரண்டு பாதங்களும் கயிற்றைத் தொட வேண்டும். குள்ளமானவர்கள் தலையணையை விட்டுக் கீழே இறங்கி வந்து தொட்டார்கள். நெட்டையானவர்கள் சுவரில் தலையை முட்டிக்கொண்டு தொட்டார்கள்.

"நான் வார்டுக்குள் வந்தால் முகங்களைப் பார்ப்பதில்லை" என்று மேஜர் தினமும் காலையில் சொல்வார். "முகம் பொய் சொல்லும். வலிக்கிறது என்று சொல்லும். பாதம் அப்படியில்லை. பாதங்கள் வரிசையாக இருந்தால் வார்டு சுகமாக இருக்கிறது என்று அர்த்தம். இருபது வருஷ அனுபவத்தில் சொல்கிறேன், கோணல்தான் வியாதி!"

அவர் சொல்லிமுடித்துப் போகிறவரை யாரும் இருமக் கூடாது. இருமினால் கயிறு ஆடும்.

சென்னையிலிருந்து டாக்டர்களுக்கெல்லாம் தலைவரான பெரிய துரை சோதனைக்கு வரவிருந்த அன்று காலையில்தான் கருத்தக்கண்ணன் வந்து சேர்ந்தான். எழுமலைப் பக்கத்துச் சம்சாரி, காடுகரை பார்க்கிற விவசாயி. பருத்திப் பொதி ஏற்றிக்கொண்டு, பெண்டாட்டி இருளாயியோடு ஒற்றைமாட்டு வண்டியில் வந்திருக்கிறான். பழங்காநத்தத்தில் பொதியை இறக்கும்போது மேல்பொதி சரிந்து அவன் இடது முட்டியில் உட்கார்ந்துவிட்டது. முட்டி பிசகி, கீழ்க்கால் ஒரு பக்கம் மேல்கால் ஒரு பக்கம் ஆகிவிட்டது. தோல் கிழியவில்லை. ஒரு பொட்டு ரத்தம் வெளியே வரவில்லை. அதுதான் அவன் செய்த முதல் தப்பு.

வாசலில் நடந்ததை இருளாயியே பிறகு என்னிடம் சொன்னாள். வாசலில் ஒரு கம்பவுண்டர் மேஜை போட்டு உட்கார்ந்திருப்பார். அந்த ஆஸ்பத்திரிக்கு இரண்டு பாதிகள். ஜனங்கள் அதைக் கத்திப் பக்கம், மருந்துப் பக்கம் என்பார்கள். யாரை எந்தப் பக்கம் அனுப்புவது என்று தீர்மானிப்பது கம்பவுண்டரின் வேலை.

"ரத்தம் எங்கே?" என்றார் அவர்.

"உள்ளுக்குள்ள கெடக்கும் போலங்கய்யா" என்றாள் இருளாயி. "பொதி விழுந்துருச்சு. காலு சில்லுன்னு கெடக்கு. தொட்டுத்தான் பாருங்களேன்."

"ரத்தம் வந்தால் கத்திப் பக்கம். காய்ச்சல் அடித்தால் மருந்துப் பக்கம். இரண்டும் இல்லாதவன் நோயாளி இல்லை அம்மா, பார்வையாளன். பார்வையாளர் நேரம் சாயங்காலம்."

இருளாயி கொஞ்சம் யோசித்தாள். கருத்தக்கண்ணனின் அரைஞாண் கயிற்றில் தொங்கிய முள்வாங்கியை எடுத்தாள். காட்டில் முள் குத்தினால் தோண்டி எடுக்கிற ஊசி அதில் இருக்கும். அந்த ஊசியால் அவன் இடது கால் பெருவிரலில் ஒரு குத்துக் குத்தினாள். ரத்தம் வரவில்லை. இன்னும் ஆழமாகக் குத்தினாள். அப்போதும் வரவில்லை.

"வலிக்குதா?" என்று புருஷனைக் கேட்டாள்.

"எதைக் கேக்குற?" என்றான் அவன். குத்தியதே அவனுக்குத் தெரியவில்லை.

கம்பவுண்டருக்கு வெற்றிச் சிரிப்பு வந்துவிட்டது. "பார்த்தாயா? குத்தினால்கூட ரத்தம் வராத காலில் காயம் எப்படி இருக்க முடியும்? என்னை ஏமாற்றப் பார்க்கிறாயா?"

இருளாயி அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு அதே ஊசியால் தன் விரலைக் குத்தி, வந்த ரத்தத்தைப் புருஷன் முட்டியில் தடவினாள். "இந்தாங்கய்யா ரத்தம்."

"இதை முதலிலேயே காட்டியிருக்கலாமே" என்று கம்பவுண்டர் கடிந்துகொண்டு, அவனைக் கத்திப் பக்கம் அனுப்பினார்.

அப்படித்தான் அவன் என் பக்கத்துக் கட்டிலுக்கு வந்தான். கறுத்து, உரம் ஏறிய உடம்பு. கண்ணில் மட்டும் கலக்கம்.

"அண்ணே, எங்காலு கட்டில்லதான் இருக்கா? பாத்துச் சொல்லுங்க" என்று என்னைக் கேட்டான்.

கழுத்தைத் திருப்பிப் பார்த்தேன். இருந்தது. ஆனால் இருந்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை. வலது பாதம் மாந்தளிர் நிறத்தில் இருக்க, இடது பாதம் சாம்பல் பூசியது போல வெளுத்திருந்தது. கால்மாட்டுப் பக்கம் ஊர்ந்து போய்க் கையை நீட்டித் தொட்டேன். மண்பானை மாதிரி ஜில்லிட்டிருந்தது.

"கெணத்துல ஏத்தம் மிதிக்கிற காலுண்ணே" என்றான். "நாந்தான் மேல ஏறி எறங்கி மிதிப்பேன், இவ கீழ நின்னு தண்ணிச் சாலைக் கவுப்பா. மொளகாச் செடி இப்பத்தான் பூ விட்டிருக்கு. ஒரு வாரம் தண்ணி கட்டலைன்னா அம்புட்டும் போச்சு."

"சும்மா கெட. டாக்டர் வாராரு" என்றாள் இருளாயி.

கத்திப் பக்கத்து டாக்டர் தம் மாணவர்கள் புடைசூழ வந்தார். முட்டியைப் பார்த்தார். வீக்கத்தைப் பார்த்தார். பாதத்தைத் தொட்டதும் கையை எடுத்துவிட்டார். "குளிர்ந்திருக்கிறது" என்றார் மாணவர்களிடம். "குறித்துக்கொள்ளுங்கள். சூடு, குளிர் எல்லாம் மருந்துப் பக்கத்து விஷயம். நாம் அதில் தலையிடுவது நாகரிகம் இல்லை."

மருந்துப் பக்கத்து டாக்டருக்கு ஆள் போயிற்று. அவர் வந்து, தங்கச் சங்கிலிக் கடிகாரத்தை எடுத்து, கருத்தக்கண்ணனின் வலது கையைப் பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

"அருமையான நாடி!" என்றார். "இந்த ஜில்லாவில் இப்படி ஒரு நாடியை நான் தொட்டதில்லை."

"அய்யா, கால்லயும் கொஞ்சம் நாடி பாருங்கய்யா" என்றாள் இருளாயி.

டாக்டர் சிரித்தார். "அம்மா, நாடி பார்ப்பது கையில். உலகம் முழுவதும் அப்படித்தான். இருதயம் ஒன்று, அதிலிருந்து வரும் ரத்தமும் ஒன்று. கைக்கு வருகிற ரத்தம் காலுக்கு வராமல் வேறெங்கே போகும்? அணையைத் திறந்துவிட்டால் வாய்க்கால் முழுக்கத் தண்ணீர் வரத்தானே வேண்டும்?"

கருத்தக்கண்ணன் முதல் தடவையாகத் தலையைத் தூக்கினான். இது அவனுக்குத் தெரிந்த விஷயம். "அப்ப எங்க கடைமடைக்கு மட்டும் ஏன்யா தண்ணி வாரதில்ல? நடுவுல எவனோ அடைச்சுப்புடுறான்."

"அது பி.டபிள்யூ.டி.காரர்கள் பார்க்க வேண்டியது" என்றார் டாக்டர். "என்னிடம் சொல்லிப் பிரயோசனம் இல்லை."

பிறகு இரண்டு டாக்டர்களும் என் கட்டிலுக்கும் அவன் கட்டிலுக்கும் நடுவில் நின்று ஒரு மாநாடு நடத்தினார்கள். கால் யாருடையது என்பதுதான் பேச்சு. கால் என்னுடையது என்று கருத்தக்கண்ணன் நடுவில் ஒரு தடவை சொல்லிப் பார்த்தான். யாரும் காதில் வாங்கவில்லை. கடைசியில் ஒரு சமாதானத்துக்கு வந்தார்கள். முட்டிக்கு மேலே சூடு இருப்பதால் அது மருந்துப் பக்கம். முட்டிக்குக் கீழே உணர்ச்சி இல்லாததால் அது கத்திப் பக்கம். முட்டி இரண்டுக்கும் எல்லை. ஒரு பக்கத்தின் சம்மதம் இல்லாமல் மறுபக்கம் அதைத் தொடக் கூடாது.

பிசகியிருந்தது முட்டி ஒன்றுதான்.

"அப்ப முட்டியை யாருய்யா பாப்பா?" என்றாள் இருளாயி.

"அதற்குத்தான் கமிட்டி போடப் போகிறோம்" என்றார் கத்தி டாக்டர் கனிவாக.

கமிட்டிக்கு வேலை வைக்காமல் மேஜரே வந்துவிட்டார். அன்றைக்கு அவருக்குத் தலைபோகிற அவசரம். பெரிய துரை கையால் திறந்துவைக்கப் புதிய ஆபரேஷன் தியேட்டர் தயாராக இருந்தது. சீமையிலிருந்து கப்பலில் வந்த எலும்பறுக்கும் ரம்பம் ஒன்று வெல்வெட்டுத் துணியில் படுத்திருந்தது. முதல் ஆபரேஷனுக்குத் தகுந்த நோயாளிதான் கிடைக்கவில்லை. சாம்பல் நிறக் காலைக் கண்டதும் மேஜரின் முகம் மலர்ந்தது. வெட்டிவிட்டால் எல்லைத் தகராறும் தீர்ந்துவிடும் என்று இரண்டு டாக்டர்களும் உடனே ஒப்புக்கொண்டார்கள். அந்த ஆஸ்பத்திரியில் இரண்டு பக்கமும் ஒத்துப்போனதை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

மேஜர் கருத்தக்கண்ணனின் தோளைத் தட்டினார். "நீ பாக்கியசாலி. பெரிய துரையே கத்தி எடுக்கிறார். போட்டோ பிடிக்கிறார்கள். உன் கால் சரித்திரத்தில் நிற்கும்."

"அய்யா, அது எங்கிட்டயே நிக்கட்டும்யா" என்றான் கருத்தக்கண்ணன்.

அவன் அழ ஆரம்பித்துவிட்டான். இருளாயி அழவில்லை. அந்தப் பாதத்தை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டு கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். விட்டால் அப்போதே யாராவது எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயந்தாளோ என்னவோ. எனக்கு மனசு பொறுக்கவில்லை. ஆனால் குப்புறப் படுத்திருப்பவன் யாரோடு சண்டை போட முடியும்?

அப்போது வாசலில் மோட்டார் ஹாரன் கேட்டது. பெரிய துரை வந்துவிட்டார்.

"வரிசை!" என்று மேஜர் கத்தினார்.

வார்டுச் சேவகன் சோணை கயிற்றோரமாக ஓடி ஒவ்வொரு பாதமாக இழுத்து வைத்துக்கொண்டே வந்தான். எல்லாம் சரியாக இருந்தது. கருத்தக்கண்ணனின் கட்டிலுக்கு வந்ததும் நின்றான். வலது பாதம் கயிற்றைத் தொட்டது. இடது பாதம் தொடவில்லை. பிசகின கால் குறுகிப்போய் நாலு விரற்கடை உள்ளே நின்றது. உடம்பைக் கீழே இழுத்துப் பார்த்தான். இடது பாதம் தொட்டது, வலது பாதம் கயிற்றைத் தாண்டிவிட்டது.

"எசமான், இது எட்ட மாட்டேங்குதுங்க" என்றான் சோணை.

மேஜரின் மீசை துடித்தது. "எட்டவில்லையா? என் வார்டில் கயிற்றுக்கு எட்டாத கால் ஒன்று இருக்கிறதா?"

"எப்படியும் சாயங்காலம் வெட்டப்போகிற கால்தானே, சார்" என்று கத்தி டாக்டர் மெதுவாகச் சொன்னார்.

"வெட்டுகிறவரை அது என் வார்டுக் கால்! இழு!"

"முட்டியைத் தொட வேண்டுமானால் என் சம்மதம் வேண்டும்" என்று மருந்து டாக்டர் ஆரம்பித்தார்.

"முட்டியை யார் தொடச் சொன்னது? கணுக்காலைப் பிடித்து இழுக்கட்டும். இது வைத்தியம் இல்லை. வார்டு ஒழுங்கு!"

வராந்தாவில் பூட்ஸ் சத்தம் கேட்டது. சோணை கணுக்காலைப் பிடித்தான். இன்னொருவன் தொடையை அமுக்கிக்கொண்டான். தேர்வடத்தை இழுப்பது போலச் சோணை பின்னால் சாய்ந்து இழுத்தான். கருத்தக்கண்ணன் போட்ட சத்தத்தில் என் பிளவை தானாகவே உடைந்துவிடும் என்று நினைத்தேன். 'டொக்' என்று ஒரு ஓசை கேட்டது. இடது பாதம் வந்து கயிற்றைத் தொட்டது. முட்டியும் நேரானது.

பெரிய துரை உள்ளே வந்தார். சுவரிலிருந்து சுவர்வரை பாதங்கள். ஒன்றுகூட முந்தவில்லை, ஒன்றுகூடப் பிந்தவில்லை. துரை இங்கிலீஷில் ஏதோ பாராட்டினார். மேஜர் விறைத்து நின்று கண்ணீர் மல்க அதைக் கேட்டார்.

"அண்ணே" என்று பக்கத்துக் கட்டிலிலிருந்து ரகசியக் குரல் வந்தது. "எறும்பு கடிக்குதுண்ணே. கால் பூரா எறும்பு."

பார்த்தேன். சாம்பல் நிறம் கணுக்காலிலிருந்து கீழே கீழே இறங்கிக்கொண்டிருந்தது. அது இறங்கிய இடமெல்லாம் சிவந்துகொண்டு வந்தது. இருளாயி குத்திய பெருவிரலில், காலையில் வராத ரத்தம் இப்போது ஒரு துளி வந்து நின்றது. கடைமடைக்குத் தண்ணீர் வந்துவிட்டது!

நான் சொல்வதற்குள் அவன் பெருவிரலை ஆட்டிவிட்டான். தன் கால்தானா என்று பார்க்க ஆட்டியிருக்கிறான். கயிறு ஆடியது. அந்தக் கோடிமுதல் இந்தக் கோடிவரை ஆடியது. துரை திரும்பிப் பார்த்தார்.

"யார் ஆட்டியது?" மேஜர் கேட்ட கேள்வியில் வார்டே நடுங்கியது, கயிறு இன்னும் அதிகமாக ஆடியது.

"நாந்தாங்கய்யா" என்றான் கருத்தக்கண்ணன் சிரித்துக்கொண்டும் அழுதுகொண்டும். "என் காலு வந்துருச்சுங்கய்யா!"

கத்தி டாக்டர் பாதத்தைத் தொட்டார். "சூடாக இருக்கிறதே" என்றார் ஏமாற்றத்தோடு.

"சூடா?" மருந்து டாக்டர் பாய்ந்து வந்தார். தெர்மாமீட்டரை எடுத்துக் கால்விரல் இடுக்கில் வைத்துப் பார்த்தார். "சூடு என்றால் என் பக்கம்! பழைய ஒப்பந்தம் குளிர்ந்த காலுக்குத்தான் பொருந்தும். சூடான காலை என் சம்மதம் இல்லாமல் வெட்ட விடமாட்டேன்!"

"காலையில் வெட்டச் சொல்லிவிட்டு இப்போது பின்வாங்குகிறீரா? ரம்பத்துக்கு நான் என்ன பதில் சொல்வேன்?" என்றார் கத்தி டாக்டர்.

வார்த்தை தடித்தது. மேஜருக்கு இரண்டு கவலை. ஒன்று, தியேட்டரில் துரைக்கு அறுப்பதற்கு ஏதாவது வேண்டும். இன்னொன்று, கயிற்றை ஆட்டியவனுக்குத் தண்டனை கொடுக்க வேண்டும். இரண்டாவதை முதலில் முடித்தார். "இந்தக் காலை இடுப்பிலிருந்து பாதம்வரை நீளப் பலகையில் வைத்துக் கட்டு! நான் சொல்கிறவரை அவிழ்க்கக் கூடாது. ஆட்டுகிற காலுக்கு அதுதான் புத்தி வரும்" என்றார் சோணையிடம்.

பிசகின முட்டி நகராமல் கூடிவருவதற்கு அதைவிட நல்ல வைத்தியம் கிடையாது என்று பிற்பாடு ஒரு டாக்டர் என்னிடம் சொன்னார். அதை அவர்கள் தண்டனையாகத்தான் கொடுத்தார்கள்.

முதல் கவலைக்கு மேஜர் நாலு பக்கமும் கண்ணை ஓட்டினார். அது என் தலைமாட்டு அட்டையில் வந்து நின்றது.

அந்தத் தியேட்டரைத் திறந்துவைத்தது என் ராஜபிளவைதான். ரம்பம் தேவைப்படவில்லை. ஆனால் போட்டோவில் அதைத் துரை கையில் கொடுத்திருந்தார்கள். மயக்க மருந்தை இரண்டு பக்கத்தில் யார் கொடுப்பது என்று முடிவாகாததால் யாருமே கொடுக்கவில்லை. நான் வலியில் எங்கள் வீட்டுப் பாஷையான சௌராஷ்டிரத்தில் திட்டிய திட்டுகளை, நோயாளி நன்றி சொல்கிறான் என்று மேஜர் துரைக்கு மொழிபெயர்த்தார்.

கருத்தக்கண்ணன் பலகையோடு பல நாள் கிடந்தான். பிறகு கட்டை அவிழ்த்து அனுப்பினார்கள். மிளகாய்ச் செடியை அதுவரை இருளாயியும் அவள் தம்பியும் காப்பாற்றியிருந்தார்கள்.

கோடை முடிகிற சமயம், ஒரு நாள் என் கடை வாசலில் ஒற்றைமாட்டு வண்டி வந்து நின்றது. கருத்தக்கண்ணன் இறங்கினான். இடது காலைக் கொஞ்சம் சாய்த்துத்தான் நடந்தான். ஆனால் நடந்தான்.

"ஏத்தம் மிதிக்க ஆரம்பிச்சுட்டேண்ணே" என்றான். "இந்தாங்க, உங்களுக்கு மொளகா. வாங்க, ஆஸ்பத்திரிக்குப் போவோம். அந்தக் கயித்துக்கு ஒரு மாலை போடுறதா வேண்டியிருக்கேன்."

கயிற்றுக்கு மாலையா என்று கேட்டேன். "டாக்டருக எம்புட்டோ பேசுனாக. காலைக் குடுத்தது கயிறுதானேண்ணே" என்றான். நான் கடையைப் பூட்டிக்கொண்டு கிளம்பினேன். போகிற வழியில் நல்ல மல்லிகை மாலையாகப் பார்த்து வாங்கித் துண்டில் முடிந்துகொண்டான்.

வார்டு அப்படியே இருந்தது. கயிறும் அப்படியே இருந்தது. அவன் படுத்திருந்த அதே கட்டிலில் மேலூர்ப் பக்கம் கல் உடைக்கிற முத்திருளன் என்ற இளவட்டம் படுத்திருந்தான். அவனுடைய வலது பாதம் கயிற்றைத் தொட்டது. இடது பக்கம் போர்வைக்கு வெளியே, எண்ணெய் பூசி மினுக்கிய ஒரு வாகைமரப் பாதம் கயிற்றைத் தொட்டுக்கொண்டு நின்றது.

கருத்தக்கண்ணன் சோணையைப் பார்த்தான்.

"கல்லு உருண்டு முட்டியில விழுந்துச்சு" என்றான் சோணை தணிந்த குரலில். "தோலு கிழியல. ஒன்னையமாதிரியேதான். காலு சில்லுன்னு கெடந்துச்சு."

"அப்ப இழுத்து விடலையாண்ணே? கயித்துக்கு எட்டியிருக்காதே."

"மேஜர் கொடைக்கானல் போயிருந்தாரப்பா. அவரு இல்லைன்னா யாரு வரிசை பாக்கப் போறா? ரெண்டு டாக்டரும் கமிட்டி போட்டுப் பேசிக்கிட்டே இருந்தாக. முடிவு வாரதுக்குள்ள காலு கறுத்துப்போச்சு."

அந்த நேரம் மேஜரே உள்ளே வந்தார். எங்களைப் பார்த்ததும் அவருக்கு உற்சாகம் வந்துவிட்டது. மரப்பாதத்தைக் கைத்தடியால் தட்டிக் காட்டினார்.

"நான் மலையிலிருந்து வந்து பார்க்கிறேன், வரிசையில் ஓட்டை! அன்றைக்கே ஆசாரியைக் கூப்பிட்டுச் செய்யச் சொன்னேன். எப்படி? இந்த வார்டிலேயே ஒழுங்கான பாதம் இதுதான். ஒருநாளும் ஆடாது."

முத்திருளன் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான்.

கருத்தக்கண்ணன் துண்டு முடிச்சில் வைத்த கையை எடுக்கவில்லை. மற்றக் கையால் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வெளியே நடந்தான். நானும் பின்னாலேயே போனேன். வாசலில் வண்டிக்குப் பக்கத்தில் போய் நின்றான். பிறகு மாலையை அவிழ்த்து மாட்டின் கழுத்தில் போட்டான்.

"இது தெனமும் இழுக்குதுண்ணே" என்றான். "சோதனை இருந்தாலும் இல்லாட்டியும்."